அவசரத்துக்கு எதிரே ஒரு நோஞ்சான் ஜோடி

மார்ச் 3, ஞாயிறு

போக்கரில் கைக்கு வந்த இரண்டு ஒன்பதை, ஒன்பது ஜோடியை, இன்றும் மடக்கிவிட்டேன். மடக்கிய பிறகு எதிரே ஆடியவர் தன் சீட்டுகளைத் திருப்பிக் காட்டினார். ஒரு ஆறு, ஒரு மூன்று. சுத்தக் குப்பை. மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் இவர் கேட்டார், "ஒன்பது ஜோடின்னா நல்ல சீட்டுதானே? அதை ஏன் தூக்கிப் போட்டே?" லிஃப்டைக் கழற்றி மாட்டுகிற என் வீட்டுக்காரருக்கு எத்தனை தடவை சொன்னாலும் போக்கர் மண்டையில் ஏறாது. மறுபடியும் விளக்கினேன். ஆளுக்கு இரண்டு சீட்டு, யாருக்கும் காட்டாமல். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு: முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பந்தயச் சில்லுகளை முன்னால் வைக்க வேண்டும், அல்லது சீட்டை மடக்கிப் போட்டுவிட வேண்டும். ஒன்பது ஜோடி இந்த நிமிஷத்துக்கு நல்ல சீட்டுதான். நடுவில் ஒரு ராஜாவோ ராணியோ வந்து விழுந்ததும் எதிராளியிடம் அதற்கு ஜோடி இருக்குமோ என்று பயம் வந்துவிடும். இதை நான் நோஞ்சான் ஜோடி என்று சொல்வேன். சளி பிடித்த குழந்தை மாதிரி: வெளியே கூட்டிப் போகவும் பயம், வீட்டில் விட்டுப் போகவும் பயம்.

"அப்ப எதிர்ல இருக்கறவன் சும்மா மிரட்டினாலே போதுமா?" என்றார்.

போதும். அவசரம் அதைத்தான் செய்கிறார். மெத்தைக் கடைக்கு மேலே இருக்கிற எங்கள் கிளப்புக்கு அவர் புதுசு. தண்ணீர் வாரியத்தில் வேலை. தெருவில் இரும்புக் கோலை ஊன்றி, மறுமுனையில் காதை வைத்து, பூமிக்குள் எந்தக் குழாய் கசிகிறது என்று கேட்டுச் சொல்கிற வேலை. அவசரம் என்ற பட்டப்பெயரை நாங்கள்தான் வைத்தோம். தன் முறை வருவதற்குள் சில்லை நகர்த்திவிடுவார். சீட்டு போடும் பெண் இன்றுகூட, "சார், அவங்க இன்னும் ஆடவே இல்லை" என்று கண்டித்தாள். அவர் சங்கடமாகக் கையை இழுத்துக்கொண்டு, "மடக்கிட்டாங்கன்னு நினைச்சேன்" என்றார்.

நான் அப்போது மடக்கவில்லை. யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் மடக்கினேன்.

மார்ச் 4, திங்கள்

மாதக் கடைசியில் இறுதி ஆட்டம். ஜெயிக்கிறவருக்குப் பெரிய போட்டியில் ஓர் இருக்கை. போன வருஷம் கடைசி இரண்டு பேரில் ஒருத்தியாக வந்து, பயத்தில் கெடுத்துக்கொண்டேன். எனக்கு அந்த இருக்கை வேண்டும். நாள் முழுக்க அடுத்தவர் காதைச் சோதித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளுக்கு இது ஒன்றுதான் தானாகத் தேடிக்கொண்ட ஆசை. வேண்டும், வேண்டும், வேண்டும். எழுதிவிட்டேன், இனி வெட்கமில்லை.

மார்ச் 10, ஞாயிறு

இன்று மடக்கக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டு போனேன். எட்டு ஜோடி வந்தது. நடுவில் ஐந்து, மூன்று, இரண்டு. எல்லாமே சின்னச் சீட்டுகள், என் எட்டுக்கு ஆபத்தில்லை. இனி பெரியதாக எதுவும் விழுந்து கெடுப்பதற்குள் ஆட்டத்தை முடித்துவிடலாமே என்று இருந்த சில்லு அத்தனையையும் முன்னால் தள்ளினேன். எல்லா ஆட்டத்திலும் முந்திக்கொண்டு முட்டுகிற அவசரம், இதில் மட்டும் சாதுவாக உட்கார்ந்திருந்தார். நான் தள்ளிய பிறகு தானும் வைத்துவிட்டு நிதானமாகச் சீட்டைத் திருப்பினார். பத்து ஜோடி.

இதுதான் என் வியாதி. நோஞ்சானைக் காப்பாற்றப் போய் பெரிதாக வைப்பேன். என்னிடம் தோற்கக்கூடியவர்கள் எல்லாம் மடக்கிவிடுவார்கள், என்னை ஜெயிக்கிறவர் மட்டும் எதிரே நிற்பார். புத்திக்குத் தெரிகிறது, கைக்குத் தெரிவதில்லை.

ஒரு விஷயம் உறுத்துகிறது. ஆடும்போது அவர் என் முகத்தைப் பார்ப்பதே இல்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மார்ச் 12, செவ்வாய்

எங்கள் காது கிளினிக்கின் வரவேற்பில் இருக்கும் பெண் எட்டிப் பார்த்து, "அக்கா, அடுத்தவர் ஒரு மாதிரி இருக்காரு. காது அதிகமா கேக்குதாம்" என்று சிரித்தாள். உள்ளே வந்தது அவசரம்.

இரண்டு பேருக்கும் திகைப்பு. நான் இங்கே வேலை செய்வது அவருக்குத் தெரியாது. "மேடம், நீங்களா?" என்றவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கிளப்பில் புலி, இங்கே பூனை. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"குழாய் கேக்கறது பரவாயில்ல மேடம், அது என் வேலை. இப்ப கொஞ்ச நாளா ஆளுங்க சத்தமும் கேக்குது. பேசறதுக்கு முன்னாடியே."

"முன்னாடின்னா?"

"ஒரு முடிவு எடுப்பாங்க இல்லையா... அப்ப உள்ள ஒரு சின்ன சத்தம் வருது. வால்வு திருகற மாதிரி."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தேன். கதவைச் சாத்தினால் வெளிச் சத்தம் ஒன்றும் உள்ளே போகாது. ஹெட்ஃபோனை மாட்டினேன். வழக்கமான சோதனைதான்: நான் வெளியே இருந்து பொத்தானை அழுத்துவேன், உள்ளே சின்னதாக ஒரு ஒலி போகும், கேட்டதும் கையைத் தூக்க வேண்டும். எல்லோரும் ஒன்றிரண்டு தடவை ஒலியே வராமல் தூக்குவார்கள். அது சகஜம்.

அவர் ஒவ்வொரு தடவையும் தூக்கினார். நான் அழுத்துவதற்குச் சற்று முன்னால்.

என் கையைப் பார்த்துத் தூக்குகிறாரோ என்று நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டேன். அப்போதும் அப்படியே. வலது காதுக்கு அனுப்பலாம் என்று நினைத்தேன், வலது கை எழுந்தது. பொத்தான் பக்கமே போகாமல் என் கைகளைத் தொடை மேல் வைத்துக்கொண்டு, இப்போது அழுத்தப் போகிறேன் என்று மனதுக்குள் பொய்யாகச் சொல்லிப் பார்த்தேன். கை எழவில்லை. பிறகு நிஜமாகவே அழுத்துவோம் என்று நினைத்தேனா, நினைக்கத் தொடங்கினேனா... எழுந்துவிட்டது.

கேட்கும் திறன் சாதாரணம் என்று எழுதிக் கொடுத்து அனுப்பினேன். வேறு என்ன எழுத?

மார்ச் 14, வியாழன்

இவரிடம் சொல்லவில்லை. கிளப்காரரிடம் புகார் செய்யலாமா? "ஐயா, அவர் என் மனசை ஒட்டுக் கேட்கிறார், தடுத்து நிறுத்துங்கள்." நன்றாக இருக்கும். அடுத்த வாரம் என்னை வேறு டாக்டரிடம் அனுப்புவார்கள்.

பாத்திரம் கழுவும்போது ஒன்று ஞாபகம் வந்தது. அன்று கை எழுந்ததைப் பார்த்த பிறகுதான் நான் முடிவெடுத்துவிட்டேன் என்பதே எனக்குத் தெரிந்தது. வரிசை அப்படித்தான் இருந்தது: முதலில் அவர் கை, பிறகு எனக்கு நினைப்பு. அப்படியென்றால் முடிவெடுத்தது யார்? தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. இவர் வந்து குழாயை மூடினார்.

மார்ச் 17, ஞாயிறு

கழுத்தில் துப்பட்டா சுற்றி, கறுப்புக் கண்ணாடி போட்டு, மூச்சைக் கட்டிப் போய் உட்கார்ந்தேன். சீட்டு போடும் பெண் "ஜுரமா?" என்று கேட்டாள். ஏழு ஜோடி, பத்து ஜோடி, ஒன்பது ஜோடி. நான் மடக்கப் போகும் சீட்டுக்கு அவர் மிரட்டினார். நான் மல்லுக்கட்டப் போகும் சீட்டுக்கு அவர் முன்கூட்டியே ஒதுங்கினார். இரண்டு தடவை முறை மாறி ஆடியதற்காக அவரை ஒரு சுற்று வெளியே உட்கார வைத்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், தலையைச் சாய்த்தபடி. நான் ராஜா ஜோடியைப் பார்த்து, ஆடலாம் என்று முடிவெடுத்த நிமிஷம் அங்கிருந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

பயந்து எழுந்து கழிவறைக்குப் போய் முகம் கழுவினேன். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நன்றாக இருக்கும்.

கிளம்பும்போது படிக்கட்டில் சொன்னார், "மன்னிச்சுக்குங்க மேடம். காதை மூட முடியலை. மத்தவங்களைவிட நீங்க ரொம்ப சத்தமா இருக்கீங்க."

மார்ச் 18, திங்கள்

ஒரு வழி கிடைத்திருக்கிறது. கொடுத்தது இவர்தான், தெரியாமல்.

காலையில் எந்தச் செருப்பைப் போடுவது என்று வாசலில் நின்றுகொண்டிருந்தேன். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்த இவர் எரிந்து விழுந்தார். "எதுவா இருந்தாலும் உள்ளேயே முடிவு பண்ணிட்டு வரக் கூடாதா? வாசல்ல வந்துதான் யோசிக்கணுமா?"

அப்படியே நின்றுவிட்டேன். உள்ளேயே முடிவு பண்ணிவிட்டுப் போனால்? எல்லா முடிவையும் வீட்டில் எடுத்துவிட்டு, மேசையில் ஒன்றுமே எடுக்காமல் உட்கார்ந்தால்? அவர் எதைக் கேட்பார்?

ஜோடியோ, ராஜா ராணி மாதிரி படச்சீட்டோ வந்தால், அவர் எவ்வளவு வைத்தாலும் அதே அளவு வைப்பேன். கூட்ட மாட்டேன், மடக்க மாட்டேன். நடுவில் என்ன விழுந்தாலும் சரி. ஜோடியும் இல்லை, படச்சீட்டும் இல்லை என்றால் மடக்குவேன். அவ்வளவுதான். நோஞ்சானைக் காப்பாற்றுகிற வேலையே கிடையாது. மிரட்டுகிறவர் மிரட்டிக்கொண்டே இருக்கட்டும், நாம் கூடவே நடப்போம். நல்ல ஆட்டக்காரர்கள் இப்படித்தான் ஆடுவார்கள் என்று எத்தனையோ முறை படித்திருக்கிறேன், செய்ததில்லை. ஏனென்றால் ஒவ்வொரு முறையும் உள்ளே ஒருத்தி எழுந்து நின்று கத்துவாள்.

அவளை உட்கார வைக்கப் பழக வேண்டும்.

மார்ச் 20, புதன்

பழகுகிறேன். அலமாரியில் இடது ஓரம் எது தொங்குகிறதோ அதுதான் உடுப்பு. சாப்பாட்டில் இவர் என்ன பரிமாறுகிறாரோ அது. டீவியில் என்ன ஓடுகிறதோ அது. வேலைக்கு எந்த பஸ் முதலில் வருகிறதோ அது. எங்கேயும் யோசிக்கக் கூடாது. கஷ்டமாக இருக்கிறது, பிடிக்காத பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க எரிச்சல்.

மார்ச் 22, வெள்ளி

இவர் ஒரே குஷி. "இந்த வாரம் நமக்குள்ள சண்டையே வரலையே, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

மார்ச் 24, ஞாயிறு

கிளப்புக்குப் போகவில்லை. வீட்டிலேயே சீட்டைக் கலைத்துப் போட்டு ஆடினேன், எதிர் நாற்காலி காலி. முதல் முறையாக, ஆறு ஜோடியைப் பார்த்தும் உள்ளே இருப்பவள் எழுந்து கத்தவில்லை.

மார்ச் 27, புதன்

பச்சைச் சட்டை இப்போது எரிச்சலூட்டவில்லை.

மார்ச் 29, வெள்ளி

இவர், "படத்துக்குப் போலாமா, எங்க அக்கா வீட்டுக்குப் போலாமா?" என்று கேட்டார். நாத்தனார் வீடு என்றால் சாதாரணமாக எனக்குத் தலைவலி வந்துவிடும். "எது வேணும்னாலும் சரி" என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு எங்கேயும் போகாமல் கழற்றி வைத்திருந்த மின்விசிறியைத் துடைக்க உட்கார்ந்துவிட்டார்.

நாளை மறுநாள் முடிந்துவிடும். முடிந்ததும் நிறுத்திவிடுவேன்.

மார்ச் 31, ஞாயிறு

ஜெயித்துவிட்டேன்.

நிதானமாக எழுத வேண்டும்.

சாயந்திரம் கடைசி இரண்டு பேர் நானும் அவரும். என்னிடம் அவரைவிடக் கொஞ்சம் அதிகம் சில்லு. கிளப்பில் இருந்த எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். கீழே மெத்தைக் கடையில் ஷட்டரை இறக்குகிற சத்தம் கேட்டது.

ஏழு ஜோடி வந்தது. நோஞ்சானிலும் நோஞ்சான். நடுவில் பத்து, ஆறு, ஐந்து. அதில் இரண்டு ஆட்டின், சிவப்பு இதயம் போட்ட சீட்டு. அவர் வைத்தார், நானும் அதே அளவு வைத்தேன். அடுத்து ஓர் ஆஸ். அவர் இன்னும் பெரிதாக வைக்கப் போனவர், கையைப் பாதியில் நிறுத்தித் தலையைச் சாய்த்தார். கேட்டுக்கொண்டிருந்தார். ஆட்டத்தின் நடுவே அப்போதுதான் முதல் தடவையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். வைத்தார், நானும் வைத்தேன். கடைசிச் சீட்டு ராஜா, அதுவும் ஆட்டின். என் ஏழுக்கு மேலே மூன்று பெரிய சீட்டு, மேசையில் மூன்று ஆட்டின். அவரிடம் அந்தப் பெரிய சீட்டுகளில் ஒன்றுக்கு ஜோடியோ, இன்னும் இரண்டு ஆட்டினோ இருந்தாலே நான் காலி. போன மாதம் என்றால் எப்போதோ மடக்கியிருப்பேன்.

அவர் உடனே ஆடவில்லை. அவசரம் காத்திருந்தார். கிளப்காரர்கூட ஆச்சரியப்பட்டு, "என்ன சார், நேரம் ஆகுது" என்றார். அவர் நெற்றியில் வேர்வை.

"மேடம்," என்றார் மெதுவாக. "ஏதாவது நினைங்களேன்."

யாரோ சிரித்தார்கள். எனக்கு நினைக்க ஒன்றும் இல்லை. அவர் கண்ணை மூடி எல்லாச் சில்லையும் முன்னால் தள்ளினார். என் கை அதே அளவைத் தள்ளியது. வீட்டில் சொல்லி வைத்தபடி.

ஒரு ஜாக்கி, ஓர் எட்டு. ஒன்றுமே இல்லை அவரிடம்.

கைதட்டினார்கள். சீட்டு போடும் பெண் கட்டிப்பிடித்தாள். மூன்று வருஷமாக வேண்டும் வேண்டும் என்று தவித்தது கைக்கு வந்துவிட்டது. சந்தோஷம் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். களைப்பாக இருக்கும், நாளைக்கு வரும்.

ஏப்ரல் 2, செவ்வாய்

அவசரம் மறுபடியும் வந்தார், சோதனைக்கு. கண்ணாடி அறை, ஹெட்ஃபோன், பொத்தான். இந்தத் தடவை ஒவ்வொரு ஒலிக்கும் சரியாக, அழுத்திய பிறகுதான் கையைத் தூக்கினார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"குணமாயிடுச்சு சார்," என்றேன்.

"இல்ல மேடம். வெளியில உக்காந்திருந்தப்ப அந்தப் பொண்ணோட சத்தம் கேட்டுச்சு. பஸ்ல முழுக்கக் கேட்டுச்சு." ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "உங்ககிட்ட மட்டும்தான் இல்ல. அன்னிக்கு ரொம்ப பயந்துட்டேன். ஆள் செத்துட்டாங்களோன்னு நினைச்சேன். மூச்சு வருது, கை அசையுது, உள்ள மட்டும்..." என் மேசையைப் பார்த்தார்.

"அது ஆட்டத்துக்காகச் செஞ்சது சார். முடிஞ்சுபோச்சு."

"எப்ப முடிஞ்சுது மேடம்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார், பாவம், ஆசையோடு.

ஏப்ரல் 4, வியாழன்

நிறுத்திவிட்டேன். இன்றிலிருந்து எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்வது. அலமாரி முன்னால் நின்று, நீலமா மஞ்சளா என்று என்னையே கேட்டேன். எனக்கு நீலம்தான் பிடிக்கும், அது தெரியும். தெரிவது வேறு, வேண்டும் என்று தோன்றுவது வேறு போலிருக்கிறது. நின்றுகொண்டே இருந்ததில் முதல் பஸ் போய்விட்டது. கடைசியில் இடது ஓரம் இருந்ததை எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 5, வெள்ளி

"டீயா, காப்பியா?" என்றார் இவர்.

ஐயோ, இதுகூடவா! இது என்ன பெரிய கேள்வி? வாயைத் திறந்து ஏதாவது ஒன்றைச் சொன்னால் போதும். இவர் பாத்திரத்தை வைத்துக்கொண்டு நிற்கிறார், நான் பார்க்கிறேன், சொல்லுடி, சொல்லேன், எதையாவது உளறித் தொலையேன். ஒன்றுமே வரவில்லை. அழுகை வந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். இவரே டீ போட்டுக் கொடுத்தார். குடித்தேன்.

ஏப்ரல் 8, திங்கள்

எல்லாவற்றையும் இவரிடம் சொன்னேன். கண்ணாடி அறை, வால்வுச் சத்தம், பழகியது எல்லாம். நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன், ஆனால் சிரிக்கவும் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் போட்டிக்குப் போக வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடலாமா? உனக்கு என்ன வேணும், அதைச் சொல்லு" என்றார்.

போக வேண்டும் என்று சொல்வேன் என எதிர்பார்த்தேன். அல்லது வேண்டாம் என்று. அந்த இருக்கைக்காக நான் எப்படித் துடித்தேன் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றிய ஞாபகம் மாதிரி. இவர் இரண்டாம் தடவை கேட்டார். மூன்றாம் தடவை குரல் உடைந்தது. "ஏதாவது சொல்லும்மா. திட்டவாவது செய்."

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 12, வெள்ளி

இவர் கிளப்காரருக்குப் போன் செய்து போட்டி நடக்கிற நேரம், இடம் எல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு படுக்கையறையில் அலமாரிக் கதவு திறக்கிற சத்தம். என்னைக் கேட்காமலே நீலத்தை எடுத்து மடிக்கிறார். பல் தேய்க்கும் பிரஷ், மாத்திரை, போர்வை ஒன்று. ஜிப் சிக்கிக்கொண்டதும் பல்லைக் கடித்து இழுக்கிறார். அழுகிறார் என்று நினைக்கிறேன்.

நான் போகிறேன் போலிருக்கிறது.